மனதால் நடப்பது: எவ்வளவு மனது, எவ்வளவு மோட்டார்?

2014ஆம் ஆண்டு ஜூன் 12. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியின் தொடக்க விழா. பிரேசிலும் குரோஷியாவும் மோதவிருந்த முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்பு, மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெயர் ஜூலியானோ பின்டோ. வயது 29. விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே அசைவே இல்லாதவர். தலையில் மின்முனைகள் பதித்த தொப்பி. உடம்பைச் சுற்றி உலோகச் சட்டம். பின்னால் உதவியாளர்கள். அவருடைய கால் மெல்ல முன்னே வந்து பந்தைத் தட்டியது. பந்து கொஞ்ச தூரம் உருண்டது. அவ்வளவுதான்! தொலைக்காட்சியில் அது சில விநாடிகள்தான் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவர்கள் பார்த்திருக்க முடியாது.

அடுத்த நாள் செய்திகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்லின. அவர் மனதால் நினைத்தார், இயந்திரம் உதைத்தது. இது பொய் இல்லை. ஆனால் அந்த 'நினைத்தார்' என்ற சொல்லுக்குள் என்ன நடந்தது, 'உதைத்தது' என்ற சொல்லுக்குள் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. செய்தியில் வந்ததைவிடச் சின்னக் கதை. ஆனால் அதைவிட சுவாரஸ்யமான கதை.

முதலில் அந்த உலோகச் சட்டம். நண்டுக்கு எலும்பு உள்ளே கிடையாது, மேலே இருக்கும் ஓடுதான் எலும்பு. அதுபோல மனிதன் வெளியே மாட்டிக்கொள்ள ஒரு சட்டம் செய்து, இடுப்பிலும் முழங்காலிலும் விசை வைத்தால் அதுதான் எக்ஸோஸ்கெலிட்டன். வாயில் நுழையும்படி இயந்திரக் கூடு என்று வைத்துக்கொள்வோம். இதை மூளையோடு பேசவைக்கும் ஏற்பாட்டுக்கு மூளை-கணினி இடைமுகம் என்று பெயர். இந்தப் பெயரை 1973ல் ஆய்வுக் கட்டுரையில் எழுதிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இருந்த ஜாக் விடால். மூளைக்குள் மின்சாரம் ஓடுவதை மண்டைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924ல் அதைச் செய்துவிட்டார். அதுதான் மருத்துவமனைகளில் இ.இ.ஜி. என்று நாம் கேள்விப்படுவது.

அந்த மின்சாரம் எவ்வளவு இருக்கும்? சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை முப்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு என்ன வருமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதுவும் மண்டையோட்டையும் தோலையும் தாண்டி, கலங்கிப்போய் வெளியே வருவது. கல்யாண மண்டபத்துக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டு, உள்ளே பந்தியில் யார் யாரிடம் சாம்பார் கேட்டார் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கெட்டிமேளம் கொட்டினால் தெரியும். சாம்பார் கேட்டது தெரியாது. போதாக்குறைக்கு கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால், நெற்றியைச் சுருக்கினால் அந்தத் தசைகளின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை அமுக்கிவிடும். வாசலில் நின்று ஒருவர் வெடி போடுவதைப் போல.

ஆக, தொப்பி போட்டுக் கேட்பவர்களுக்குக் கெட்டிமேளம் மட்டும்தான் கேட்கும். அப்படி ஒரு கெட்டிமேளம் நல்லவேளையாக இருக்கிறது. கையைச் சும்மா வைத்திருக்கும்போது மூளையின் இயக்கப் பகுதியில் விநாடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் ஓர் அலை இருக்கும். கையை அசைத்தால் அது அடங்கிவிடும். அசைக்காமல், அசைப்பதாகக் கற்பனை செய்தாலும் அடங்கும்! (கெட்டிமேளம் கொட்டுவதற்குப் பதிலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எப்படியானாலும் வெளியே தெரிகிறது.) ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் கெர்ட் பூர்ட்ஷெல்லர் என்பவரும் அவர் குழுவும் இதை வைத்துத்தான் பல வருடங்கள் வேலை செய்தார்கள். கணினிக்குத் தேவை இந்த அடங்கலைக் கண்டுபிடிப்பதுதான். அடங்கினால் ஆம், அடங்காவிட்டால் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கைக்கான இடம் மூளையின் மேற்பரப்பில் பக்கவாட்டில், தொப்பிக்கு வசதியாக இருக்கிறது. காலுக்கான இடமோ இரண்டு அரைக்கோளங்களும் ஒட்டும் நடு இடுக்கில் உள்ளே இறங்கி ஒளிந்திருக்கிறது. அதாவது நடப்பதற்கு எந்த இடத்தைக் கேட்க வேண்டுமோ, அந்த இடம்தான் கேட்பதற்கு மோசமான இடம். அதனால் காலை நகர்த்த வேண்டியவரைக் கையை நகர்த்துவதாக நினைக்கச் சொல்வதும் உண்டு. கையை நினைத்தால் கால் போகும்.

தென்கொரியாவில் 2015ல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி தாண்டியது. அங்கே இயந்திரக் கூட்டை அணிந்தவர் முன்னால் ஐந்து சின்ன விளக்குகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சிமிட்டும். ஒன்று முன்னே போக, மற்றவை இடது, வலது, எழ, உட்கார. எந்த விளக்கைப் பார்க்கிறாரோ அதே வேகத்தில் அவருடைய பின்மூளையில் அலை எழும். தொப்பி அதைப் பிடித்துக்கொள்ளும். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இதை 'மனதால் நடப்பது' என்று சொல்லலாமா? விளக்கைப் பார்த்து நடப்பது என்பதுதான் நேர்மையான பெயர்.

இதற்கெல்லாம் நேர் எதிரான ஒரு சோதனை 2008 ஜனவரியில் நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதோயா என்ற குரங்கு நடைப்பயிற்சி இயந்திரத்தில் நடந்தது. அதன் மூளைக்குள்ளேயே மின்முனைகள், நூற்றுக்கணக்கான நரம்பணுக்களின் துடிப்பை நேராகக் கேட்டன. மண்டபத்துக்குள்ளேயே போய்ப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி. அந்தத் துடிப்புகளிலிருந்து கால் எப்படி நகரும் என்று கணித்து, ஜப்பானின் கியோட்டோவில் இருந்த ஒரு ரோபோவுக்கு அனுப்பினார்கள். ரோபோ குரங்கைப் போலவே நடந்தது. பிறகு குரங்கின் இயந்திரத்தை நிறுத்தினார்கள். குரங்கு நின்றுவிட்டது, கண் எதிரே திரையில் ரோபோவின் கால்களைப் பார்த்துக்கொண்டே. ரோபோ நிற்கவில்லை! இன்னும் சில நிமிடங்கள் குரங்கின் நினைப்பில் நடந்துகொண்டிருந்தது. இதைச் செய்த மிகேல் நிகோலெலிஸ்தான் ஆறு வருடம் கழித்து சாவோ பாவ்லோ மைதானத்து உதையையும் நடத்தியவர். பிரேசில்காரர். அந்தக் கூட்டுக்கு ஆகாய விமான முன்னோடியான தன் நாட்டுக்காரர் சாந்தோஸ் டுமோன்ட்டின் பெயரைத்தான் வைத்தார்.

ஆனால் மைதானத்தில் நின்றவர் குரங்கு இல்லை, மனிதர். மூளையைத் திறக்காமல் தொப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் குரங்கிடம் கிடைத்த நுணுக்கம் பின்டோவிடம் கிடைக்க வழியில்லை. அவர் மூளை சொன்னது 'உதை' என்ற ஒரு முடிவை மட்டுமே. முழங்கால் எத்தனை டிகிரி மடங்க வேண்டும், இடுப்பு எப்போது சாய வேண்டும், கவிழாமல் நிற்பது எப்படி என்பதெல்லாம் கூட்டுக்குள் இருந்த கணினியின் பொறுப்பு. நம் ஊர்ப் பேருந்தில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். கிளட்சும் கியரும் ஸ்டியரிங்கும் டிரைவர் கையில். மூளை இங்கே கண்டக்டர். டிரைவர் இயந்திரம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்டக்டர் இல்லாமல் வண்டி கிளம்பாது. நம் உடம்பிலும் கொஞ்சம் அப்படித்தான். நடக்கும்போது ஒவ்வொரு தசையையும் யாரும் நினைத்து இயக்குவதில்லை, தண்டுவடம் தன்பாட்டுக்கு நிறையப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் சிக்கல் இதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது. விசில்தான் வேண்டும் என்றால் அதற்கு மூளை எதற்கு?

மைதானத்து உதை நடந்த அதே 2014 ஜூன் மாதத்தில், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ரீவாக் என்ற இயந்திரக் கூட்டை வீட்டில் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. அதில் மூளைக்கு இணைப்பே இல்லை. மணிக்கட்டில் ஒரு கருவி, பொத்தானை அழுத்தினால் எழும், உட்காரும். உடம்பை முன்னே சாய்த்தால் அடி எடுத்து வைக்கும். இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து அவரேதான் சமநிலை பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவருக்கு இது போதும். அவருக்குக் கைகள் நன்றாக இருக்கின்றன. தலையில் பசை தடவித் தொப்பி மாட்டி, பல்லைக் கடிக்காமல், பத்து முறைக்கு ஒன்றிரண்டு முறை தவறும் ஒரு விசிலை விட, தவறவே தவறாத பொத்தான் மேல் இல்லையா? கணினித் திரையில் அம்புக்குறி தவறினால் மறுபடி முயலலாம். மாடிப்படி ஓரத்தில் ஓர் அடி தவறினால்?

அப்படியானால் மூளை இணைப்பு உண்மையில் யாருக்குத் தேவை? கழுத்தில் அடிபட்டு கையும் காலும் செயலிழந்தவர்களுக்கு. பொத்தானை அழுத்த விரல் இல்லாதவர்களுக்கு. ஆனால் அவர்களால் ஊன்றுகோலையும் பிடிக்க முடியாதே! இந்தத் துறையின் முடிச்சு இதுதான். பொத்தான் போதுமானவரைக் கூடு தாங்கும். மூளை தேவைப்படுபவரைக் கூடு தாங்காது.

இந்த முடிச்சை ரீவாக்கைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர். 1997ல் நடந்த விபத்தில் கைகால் நான்கும் பாதிக்கப்பட்டவர். சக்கர நாற்காலி தவிர வேறு வழியே இல்லையா என்ற கோபத்தில் உருவாக்கிய கருவி அது. எத்தனையோ பேர் அதை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள், நடந்தார்கள். அவரால் மட்டும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஊன்றுகோல் பிடிக்கும் பலம் அவர் கைகளில் இல்லை. பிறகு நிற்கவைக்கும் வேறு வகைச் சக்கர நாற்காலி ஒன்றை வடிவமைத்து, அதில்தான் அவர் நிமிர்ந்தார்.

முடிச்சை நேராக அவிழ்க்கப் பார்த்தவர்கள் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் இருக்கும் கிளினாடெக் ஆய்வு மையத்தினர். அங்கே தலைமை ஆலிம் லூயி பெனாபித். பார்க்கின்சன் நோயாளிகளின் நடுக்கத்தை மூளைக்குள் மின்தூண்டல் கொடுத்து அடக்கும் சிகிச்சையை 1980களில் கொண்டுவந்தவர். அவர் குழு தொப்பியை ஒதுக்கிவிட்டது. குரங்குக்குச் செய்ததைப் போல மூளைக்குள்ளும் குத்தவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. மண்டையோட்டில் இரண்டு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 64 மின்முனைகள் கொண்ட வில்லை ஒன்றைப் பொருத்தினார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையை அது தொடும், துளைக்காது. மண்டப வாசற்படியில் நின்று கேட்பது போல.

அதைப் பொருத்திக்கொண்டவர் 28 வயது இளைஞர், உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2017 ஜூனில் தொடங்கி இரண்டு வருடம் பயிற்சி. பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்து, கணினித் திரையில் ஒரு பொம்மை மனிதனைக் கை நீட்டவும் நடக்கவும் வைப்பது. பிறகு ஆய்வகத்துக்கு வந்து 65 கிலோ எடையுள்ள, கையும் காலும் கொண்ட முழுக் கூட்டை மாட்டிக்கொள்வது. 2019 அக்டோபரில் முடிவுகள் வெளிவந்தன. கூட்டின் கைகளை மணிக்கட்டுத் திருப்பல் வரை மூளையாலேயே இயக்கினார். கூட்டோடு செய்த வேலைகளில் வெற்றி சுமார் 71 சதவீதம். நடையோ இங்கேயும் விசில்தான். 'நட' என்று அவர் நினைத்தால் கூடு தானே அடி எடுத்து வைக்கும். பொம்மை மனிதன், காணொளி, கூடு எல்லாம் சேர்த்து 39 அமர்வுகளில் அவர் கடந்தது 480 அடிகள், 145 மீட்டர்.

கூடு கீழே விழாமல் இருந்தது எப்படி? கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்! செய்திப் படங்களில் பலரும் கவனிக்காமல் விட்டது அந்தக் கூரைக் கம்பியைத்தான். அதைக் கேலி செய்வது சுலபம். செய்யக் கூடாது. எழுந்து நின்ற அனுபவத்தைப் பற்றி அந்த இளைஞர் பி.பி.சி.யிடம் சொன்னது ஆய்வுக் கட்டுரையின் எந்த எண்ணையும் விட அதிகம் சொல்கிறது. நிற்பது என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்ததாம். அந்த அறையில் இருந்த பலரை விடத் தான் உயரம் என்பதும் மறந்துபோயிருந்ததாம்.

சமநிலைப் பிரச்சினை மெல்லத் தீர்ந்து வருகிறது என்பதும் உண்மை. நியூசிலாந்தின் ரெக்ஸ், பிரான்ஸின் வாண்டர்கிராஃப்ட் போன்ற கூடுகள் ஊன்றுகோல் இல்லாமல் தாமே நிற்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது கெவின் பியெட் என்ற வீரர் வாண்டர்கிராஃப்ட் கூட்டை அணிந்து ஒலிம்பிக் சுடரை ஏந்தி நடந்தார். சாவோ பாவ்லோவுக்குப் பத்து வருடம் கழித்து, மறுபடியும் ஒரு விளையாட்டு விழா. இந்த முறை தலையில் தொப்பி இல்லை. பத்து வருடத்தில் டிரைவர் நன்றாகத் தேறிவிட்டார். கண்டக்டருக்குத்தான் இன்னும் விசில் சரியாக வரவில்லை.

சரி, இவ்வளவு பேசினோம். சம்பந்தப்பட்டவர்களிடம் யாராவது கேட்டார்களா, உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்று? கேட்டார்கள். கிம் ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2004ல் வெளியிட்ட கணக்கெடுப்பில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட 681 பேர் பதில் சொன்னார்கள். அவரே சிறு வயதில் தண்டுவடம் அடிபட்டவர் என்பதால் கேள்வி எங்கே கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கைகால் நான்கும் செயலிழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதலிடம் கொடுத்தது கைக்கு. சாப்பிட, மூக்கைச் சொறிய, ஒரு டம்ளரைப் பிடிக்க. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களில் அதிகம் பேர் முதலில் சொன்னது தாம்பத்திய உறவை. இரண்டு தரப்புமே சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மேலே வைத்தார்கள். நடையை முதலிடத்தில் வைத்தவர்கள் சிறுபான்மை. மைதானத்தில் காட்ட முடிந்தது நடை. வீட்டில் வேண்டியிருந்தது வேறு. டம்ளரைப் பிடிப்பதைப் பார்க்க உலகக் கோப்பைக் கூட்டம் வராது என்பது புரிகிறது, இருந்தாலும் பணம் எங்கே போகிறது என்பதை இது தீர்மானிக்கிறதே!

இத்தோடு நிறுத்தினால் இந்தத் துறையே வெறும் வேடிக்கை என்று தோன்றிவிடும். ஆனால் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு பலன் வந்தது. நிகோலெலிஸ் குழுவிடம் பயிற்சி எடுத்தவர்கள் எட்டுப் பேர். அடிபட்டு 3 முதல் 13 வருடம் ஆனவர்கள். தொடக்கத்தில் நடப்பதாக நினைக்கச் சொன்னபோது அவர்கள் மூளையில் அதற்கான அசைவே பதிவாகவில்லையாம். நடை என்ற பாடத்தையே மூளை அழித்துவிட்ட மாதிரி. ஒரு வருடம் பயிற்சி. திரையில் கால்களைப் பார்த்தபடி நினைப்பது, பாதம் தரையைத் தொடும்போது கையில் அதிர்வாக உணர்வது, பிறகு கூட்டில் நடப்பது. மெல்ல அந்தப் பாடம் திரும்பியது. அது மட்டுமில்லை. பரிசோதித்தபோது அடிபட்ட இடத்துக்குக் கீழே தொடு உணர்ச்சி கூடியிருந்தது, சில தசைகளைத் தாங்களாகவே அசைக்க முடிந்தது. எட்டில் நான்கு பேர் 'முழுச் செயலிழப்பு' என்ற வகையிலிருந்து 'பகுதிச் செயலிழப்பு' என்ற வகைக்கு மாறினார்கள். 2016ல் இது வெளியானது. பயிற்சி எடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை, எட்டுப் பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை, எனவே பலனைத் தந்தது மூளை இணைப்பா, கூட்டில் நடந்ததா, ஒரு வருட உடற்பயிற்சியா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. அறுந்ததாக எழுதி வைக்கப்பட்ட தண்டுவடங்கள் பலவற்றில் சில இழைகள் மிச்சம் இருக்கின்றன. நினைப்பதும் அசைவதும் ஒரே நேரத்தில் நடந்தால் அந்த இழைகள் விழித்துக்கொள்ளும் என்ற யோசனைக்கு இது பலம் சேர்த்தது.

அந்த யோசனையை எடுத்துக்கொண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துக் குழு கூட்டையே தூக்கிப் போட்டுவிட்டது. கிரெகுவார் கூர்த்தின் என்ற விஞ்ஞானியும் ஜோஸ்லின் பிளாக் என்ற அறுவை நிபுணரும் கிரெனோபிளின் அதே வில்லைகளை வாங்கி, மூளையின் சிக்னலை மோட்டாருக்கு அனுப்பாமல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்திய மின்முனைகளுக்கு அனுப்பினார்கள். இரும்புக் கால் வேண்டாம், சொந்தக் காலே போதும். ஆள், நெதர்லாந்துக்காரர் கெர்ட் யான் ஓஸ்கம். 2011ல் சீனாவில் சைக்கிளில் போகும்போது விபத்து. அவருடைய தண்டுவடம் முழுதாக அறுபட்டதல்ல, இதை மறக்கக் கூடாது. 2023 மே மாதம் வெளியான முடிவின்படி அவர் ஊன்றுகோலோடு நடக்கிறார், படி ஏறுகிறார். இங்கே மூளை வெறும் விசில் கொடுக்கவில்லை. இடுப்பை எவ்வளவு தூக்குவது, எப்போது தூக்குவது என்பதை அடிக்கு அடி அதுதான் சொல்கிறது. கருவியை அணைத்துவிட்டாலும் முன்பை விட நன்றாக, ஊன்றுகோல் பிடித்து நடக்க முடிகிறது என்பது இன்னும் பெரிய செய்தி.

தன்னால் என்ன முடிகிறது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னபோது ஓஸ்கம் பெரிதாக எதையும் சொல்லவில்லை. முந்தின வாரம் வீட்டில் ஓர் இடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்ததாம். உதவிக்கு ஆள் இல்லை. வாக்கரைப் பிடித்து எழுந்து, நின்றுகொண்டே அவரே அடித்து முடித்தாராம்.